முன்பணத்துக்கும் கடனா?
துடியலூரில் முதல் வீடு தேடுவோர் போட வேண்டிய கணக்கு

தனிநபர் கடன், நகைக்கடன், வண்டிக்கடன் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடு வாங்கலாமா? வாங்கலாம். எந்தக் கடனோடு வாங்கலாம், எந்தக் கடனோடு வாங்கவே கூடாது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

மேட்டுப்பாளையம் சாலையில் கவுண்டம்பாளையத்தைத் தாண்டி வடக்கே போனால் ஜி.என். மில்ஸ், வெள்ளக்கிணர் பிரிவு, துடியலூர், என்.ஜி.ஜி.ஓ. காலனி என்று வழிநெடுக மனை விளம்பரங்கள். 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு', 'வங்கிக் கடன் வசதி உண்டு', 'முன்பணம் குறைவு' என்று அழைக்கும் பலகைகள். 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேரும்வரை துடியலூர் ஒரு பேரூராட்சி. இன்று பெரியநாயக்கன்பாளையத்து ஆலைகளுக்கு ஷிப்டு போகிறவர்கள், பம்பு மோட்டார் பட்டறைகளில் லேத் ஓட்டுகிறவர்கள், சரவணம்பட்டி ஐ.டி. வளாகங்களுக்கு வண்டியில் போய்வருகிற இளம் தம்பதிகள் எல்லோரும் முதல் வீட்டைத் தேடுகிற இடம் இது.

வீடு பார்க்க வருகிறவர்கள் விலைக்கு அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாசம் டியூ எவ்வளவுங்க வரும்?" நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: "இப்ப நாம என்னென்ன டியூ கட்டிக்கிட்டு இருக்கோம்?"

இந்தக் கேள்வி துடியலூருக்கு மட்டுமானதல்ல. 2025 ஜூனில் வெளியான ரிசர்வ் வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கைப்படி, அந்த ஆண்டு மார்ச்சில் இந்தியக் குடும்பங்களின் மொத்தக் கடனில் 54.9 சதவீதம் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன். வீட்டுக் கடனின் பங்கு 29 சதவீதம்தான். அதற்கு முந்தைய 2024 டிசம்பர் அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. கிரெடிட் கார்டு கடனும் தனிநபர் கடனும் வாங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேறு ஒரு கடனும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் வீடு அல்லது வாகனம் போன்ற பெரிய கடன். சின்னக் கடனில் தவறும் தவணை பெரிய கடனையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதே அந்த எச்சரிக்கை. தனிநபர் கடன் வேகமாகப் பெருகுவதைப் பார்த்து, 2023 நவம்பரிலேயே அதற்காக வங்கிகள் எவ்வளவு மூலதனம் வைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடர் மதிப்பை 100-லிருந்து 125 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. வீட்டுக் கடனை அதில் சேர்க்கவில்லை. இரண்டும் ஒரே வகைக் கடன் அல்ல என்பதை அதுவே சொல்கிறது.

5 லட்சம் விழுங்கும் 13 லட்சம்

ஒரு கணக்கு போடுவோம். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து கையில் வாங்கும் சம்பளம் மாதம் 60,000 ரூபாய். எல்லா டியூவும் சேர்ந்து வருமானத்தில் பாதிக்குள் அடங்க வேண்டும் என்று வங்கி பார்க்கிறது என வைத்துக்கொள்வோம். வங்கிக்கு வங்கி இது கொஞ்சம் கூடலாம், குறையலாம். அப்படியானால் இவர்கள் கட்டக்கூடியது மாதம் 30,000 ரூபாய்.

வீட்டுக் கடனுக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் வரும். வேறு கடனே இல்லாவிட்டால் இவர்களுக்கு ஏறக்குறைய 34.5 லட்சம் ரூபாய் கடன் கிடைக்கும்.

இவர்கள் ஏற்கெனவே 5 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கியிருந்தால்? கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, பட்டறையில் ஒரு மெஷின் போடவோ வாங்கியிருக்கலாம். 14 சதவீத வட்டி, ஐந்தாண்டுத் தவணை என்றால் மாதம் 11,634 ரூபாய். வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 18,366 ரூபாய்தான். அதை வைத்துக் கிடைக்கும் வீட்டுக் கடன் சுமார் 21 லட்சம். 5 லட்சம் கடன், 13 லட்சத்துக்கும் மேலான தகுதியை விழுங்கிவிட்டது.

மாதத் தவணையில் ஒவ்வொரு 1,000 ரூபாயும் வீட்டுக் கடனில் 1.15 லட்சத்தைக் குறைக்கிறது. வண்டிக்கு 4,000 ரூபாய் டியூ கட்டினால் 4.6 லட்சம் போச்சு. போனுக்கு 2,500 ரூபாய் கட்டினால் 2.9 லட்சம் போச்சு. வங்கி பெரும்பாலும் பார்ப்பது மொத்தக் கடன் எவ்வளவு பாக்கி என்பதை அல்ல, மாதம் எவ்வளவு போகிறது என்பதைத்தான். அதனால் இன்னும் ஆறேழு தவணையே மிச்சமிருக்கும் சின்னக் கடன்களை முதலில் முடித்துவிட்டு விண்ணப்பிப்பது, அதே தொகையை முன்பணத்தில் சேர்ப்பதைவிட அதிகப் பலன் தரும்.

கைப்பணம் என்ற பள்ளம்

அடுத்தது கையிலிருந்து போட வேண்டிய பணம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். பத்திரச் செலவு இந்தக் கணக்கில் பொதுவாகச் சேராது. அதைத் தனியாகத்தான் புரட்ட வேண்டும்.

40 லட்சம் ரூபாய் தனி வீடு என்றால் வங்கி அதிகபட்சம் 32 லட்சம் தரும். 8 லட்சம் நம் கையிலிருந்து. தமிழ்நாட்டில் 2023 முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 ஆகக் குறைத்தபோதே வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்கு ஏற்றிவிட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. முழு விலைக்கும் பதிந்தால் 3.6 லட்சம். இரண்டும் சேர்ந்து 11.6 லட்சம். வக்கீல் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அடமானப் பதிவு, மின் இணைப்புக்கும் வீட்டு வரிக்கும் பெயர் மாற்றம், கப்போர்டு, புதுமனை புகுவிழா என்று போட்டால் 12 லட்சத்தைத் தாண்டும்.

இந்தப் பள்ளத்தை இன்னொரு கடனால் நிரப்பும்போதுதான் குடும்பம் கவிழ்கிறது. அந்த 12 லட்சத்தையும் 14 சதவீதத் தனிநபர் கடனாக வாங்கினால் மாதம் 27,922 ரூபாய். 32 லட்சம் வீட்டுக் கடனுக்கு 27,770 ரூபாய். மொத்தம் 55,692. சம்பளம் 60,000. மிச்சம் 4,308 ரூபாயில் நான்கு பேர் சாப்பிட வேண்டும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், பெட்ரோல் போட வேண்டும். ஒரே ஆளிடம் 12 லட்சமாக யாரும் வாங்குவதில்லை என்பது உண்மைதான். நகைக்கடனில் நான்கு, சீட்டில் மூன்று, தனிநபர் கடனில் மூன்று, சொந்தக்காரர்களிடம் கைமாத்து இரண்டு என்று பிரித்து வாங்குகிறார்கள். பிரித்து வாங்கினாலும் சுமை ஒன்றுதான்.

கடனோடு வீடு வாங்கலாம். கடனை முன்பணமாகக் கட்டி வீடு வாங்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமானால் அது இதுதான்.

சிபில் அறிக்கையைத் திறந்தால்

வங்கிப் படி ஏறுவதற்கு மூன்று மாதம் முன்பே கணவன், மனைவி இருவரும் தங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சிபில் உட்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் விதி. 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே கண்ணை ஓட்டுங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். 000 என்றிருந்தால் அந்த மாதம் தவணை சரியாகப் போயிருக்கிறது. 030 என்றிருந்தால் முப்பது நாள் தாமதம். சம்பளம் 7-ம் தேதி வருகிறது, டியூ 5-ம் தேதி எடுக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் தவணை திரும்பத் திரும்ப நழுவுகிறவர்கள் உண்டு. தவணைத் தேதியை மாற்றித் தரும்படி கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். சம்பளத் தேதிக்குப் பிறகு தவணை வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்து, முடிந்துபோன கடன்கள். 'குளோஸ்டு' என்றிருந்தால் நல்லது. 'செட்டில்டு' என்றிருந்தால், பேரம் பேசிக் குறைந்த தொகைக்கு முடித்ததாக அர்த்தம். அன்றைக்கு ஏஜென்ட் "இத்தோட முடிஞ்சுதுங்க" என்று சொல்லியிருப்பார். வீட்டுக் கடன் மேசைக்கு வரும்போதுதான் அது முடியவில்லை என்று தெரியும். மீதித் தொகையைக் கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, அறிக்கையைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நீங்கள் வாங்காத கடன். மச்சான் பட்டறை வைத்தபோது போட்டுக் கொடுத்த ஜாமீன் கையெழுத்து உங்கள் அறிக்கையிலும் நிற்கும். அவர் கட்டத் தவறினால் பாதிப்பு உங்களுக்கும்தான். மகளிர் குழு வழியாக நுண்கடன் நிறுவனங்களில் மனைவி பெயரில் வாங்கிய கடனும் பதிவாகியிருக்கும். சேர்ந்து விண்ணப்பித்தால் இருவர் வருமானமும் கூடும். இருவர் கடனும் கூடும். வங்கி அதிகாரி முன்னால் உட்கார்ந்துதான் ஒருவர் கடனை இன்னொருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது இருவருக்குமே சங்கடம்.

2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இந்தத் தகவல்களைப் புதுப்பிக்கின்றன. அதனால் கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த சந்தோஷத்தில் டி.வி., பிரிட்ஜ் என்று இ.எம்.ஐ.யில் எடுத்துவிடாதீர்கள். பணம் விடுவிப்பதற்கு முன் வங்கி இன்னொரு முறை பார்க்கலாம்.

சிபிலில் தெரியாத கடன்

அறிக்கையில் வராத கடன்களும் உண்டு. ஏலச்சீட்டு எடுத்து முன்பணம் கட்டுகிறோம். சீட்டை எடுத்த பிறகு மீதி மாதங்களுக்குக் கட்டுவது கடன் தவணைதான். சிபிலில் அது தெரிவதில்லை. பங்காளியிடம் வாங்கிய கைமாத்து, ஃபைனான்ஸ்காரரிடம் நோட்டில் எழுதி வாங்கிய பணம், இவையும் தெரியாது. வங்கிக்குத் தெரியாததால் கடன் கிடைத்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் அது இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, மாதம் எவ்வளவு, எப்போது முடியும். வங்கி என்ன வரம்பு போட்டாலும், இந்தத் தாளில் உள்ள மொத்தமும் புதிய வீட்டு டியூவும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள், ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் இன்னும் கீழே கோடு போட வேண்டும். ஆர்டர் இல்லாத மாதத்திலும் டியூ வரும்.

வங்கி வேண்டாம் என்ற சைட்

கொங்கு நாட்டில் 'முதல்ல ஒரு சைட் வாங்கிப் போட்டுடலாம்' என்பது பழைய பழக்கம். மூன்று சென்ட், நாலு சென்ட் வாங்கிப்போட்டுப் பிறகு கட்டிக்கொள்வார்கள். இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. இன்னும் வரன்முறை ஆகாத மனைகள் சந்தையில் உலவுகின்றன. துடியலூருக்கு மேற்கே தடாகம் பக்கம் மலையடிவாரக் கிராமங்களில் 'ஹாகா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் உண்டு.

அங்கீகாரம் இல்லாத இத்தகைய மனைக்கு வங்கி கடன் தராது. "பேங்க் லோன் வராதுங்க, ஆனா விலை கம்மி. பர்சனல் லோன் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். வங்கி மறுப்பது உங்கள் சம்பளத்தைப் பார்த்து அல்ல, அந்தப் பத்திரத்தைப் பார்த்து. கடனில் இருப்பவருக்கு வங்கியின் சட்டச் சரிபார்ப்பு ஒரு பாதுகாப்பு. தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எல்லாவற்றையும் நமக்காக இன்னொருவர் கூர்ந்து பார்க்கிறார். தனிநபர் கடனில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. வீட்டை விற்று வெளியேற நினைக்கும் நாளிலும் அந்த மனையை வாங்க வருகிறவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது.

விலை ஏறிவிடாதா?

காத்திருங்கள் என்று சொன்னால் உடனே வரும் பதில் இது. கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. விலை ஏறத்தான் செய்யும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 40 லட்சம் வீடு இரண்டு ஆண்டில் 44.1 லட்சமாகும். கூடுதல் 4.1 லட்சம். முன்பணத்துக்காக 12 லட்சம் தனிநபர் கடன் வாங்கினால் ஐந்தாண்டில் அதற்கு வட்டி மட்டும் 4.75 லட்சம். விலை ஏற்றத்துக்குப் பயந்து வாங்கும் கடனின் வட்டி, அந்த விலை ஏற்றத்தையே தாண்டிவிடுகிறது.

"வாடகை கொடுக்கறது தண்டம்" என்பது இன்னொரு பேச்சு. 32 லட்சம் கடனில் முதல் மாதம் கட்டும் 27,770 ரூபாயில் 22,667 ரூபாய் வட்டிக்குப் போகிறது. அசலில் குறைவது 5,103 ரூபாய். சொந்த வீடு ஒரு நிம்மதி, மறுப்பதற்கில்லை. அந்த நிம்மதிக்கும் முதல் சில ஆண்டுகள் வட்டியாகத்தான் விலை கொடுக்கிறோம். வாடகை வீட்டில் இரண்டு ஆண்டு கூடுதலாக இருப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இரண்டு ஆண்டில் 12 லட்சமும் சேராது என்பதும் உண்மை. அதற்கு வழி, வீட்டைச் சிறிதாக்குவது. 30 லட்சத்துக்குள் வீடு பார்த்து 24 லட்சம் கடன் வாங்கினால் டியூ 20,828 ரூபாய். கைப்பணமும் பத்திரச் செலவும் சேர்ந்து 8.7 லட்சம். மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிப் போனாலோ, பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்தாலோ இது கைக்கெட்டும். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இல்லாதவர்கள், 35 லட்சத்துக்குள் மதிப்புள்ள வீட்டுக்கு 25 லட்சம் வரை கடன் வாங்கினால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. ஐந்து தவணைகளாக அதிகபட்சம் 1.80 லட்சம். 40 லட்சம் வீட்டுக்கு இது கிடைக்காது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

வட்டி அதிகமானது முதலில். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் ஆண்டு வட்டி 36 சதவீதத்துக்கும் மேல் போவது சாதாரணம். அதை வைத்துக்கொண்டு வீடு பார்க்கவே கிளம்பக் கூடாது. அடுத்து மொபைல் செயலிக் கடன்கள், பிறகு தனிநபர் கடன். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்; நிலையான வட்டியில் உள்ள தனிநபர் கடன்களுக்கு இருக்கலாம். முன்பு பார்த்த 5 லட்சம் தனிநபர் கடனில் 24 தவணை, அதாவது 2.79 லட்சம் கட்டிய பிறகும் 3.40 லட்சம் பாக்கி நிற்கும். தீபாவளி போனஸ் வரும்போது அதை அப்படியே இங்கே போடுங்கள். கல்விக் கடன் கடைசியில் இருக்கட்டும்.

நகை விஷயத்தில் மனம் ஒப்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீரோவில் சும்மா கிடக்கும் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவதைவிட, அதில் ஒரு பகுதியை விற்றுவிடுவது மேல். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அடகு வைத்தால் ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைக்கும் சுழலில் மாட்டி, கடைசியில் நகையும் ஏலத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. அது மனைவியின் நகை என்றால் முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்திலும் அவர் பெயர் இருக்க வேண்டும். ஆலைத் தொழிலாளர்களுக்கு வருங்கால வைப்பு நிதியிலிருந்து வீட்டுக்காகப் பணம் எடுக்க வழி உண்டு. அதில் வட்டி கட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும் என்பதையும் யோசித்து எடுக்க வேண்டும்.

சாவி வாங்கிய பிறகு

வட்டி அப்படியே இருக்காது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. 6.75 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு 30 லட்சம் வாங்கியவருக்கு டியூ சுமார் 22,800 ரூபாய். அதே கடனுக்கு 9.25 சதவீதத்தில் 27,500 ரூபாய். பலருக்கு டியூ ஏறாமல் ஆண்டுகள் நீண்டன. 2025-ல் வட்டி இறங்கியது. மறுபடி ஏறாது என்று யாரும் உறுதி தர முடியாது. வட்டி மாறும்போது டியூவைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கடன்தாரருக்குக் கொடுத்தது. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கிடையாது. கடன் முழுதும் முடிந்தபின் 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள், கேட்டு வாங்குங்கள்.

கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிறது. 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசத்தில் நோட்டீஸ் வரும். அதன் பிறகு வங்கி வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். சிக்கல் தெரிந்த முதல் மாதமே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். தவணைக் காலத்தை நீட்டுவது போன்ற வழிகள் வாராக்கடன் ஆவதற்கு முன்னால்தான் எளிதாகத் திறக்கும். டியூ கட்ட இன்னொரு கடன் வாங்குவது வழியே அல்ல. ஆறு மாத டியூவுக்கான பணத்தை வைப்பு நிதியாகப் போட்டுவிட்டுத்தான் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

கிரயத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன் மூன்று கேள்விகள். கிரெடிட் கார்டும் தனிநபர் கடனும் தீர்ந்தனவா, அல்லது கடைசி சில தவணைகளில் நிற்கின்றனவா? முன்பணமும் பத்திரச் செலவும் யாரிடமும் வட்டிக்கு வாங்காத பணமா? எல்லா டியூவும் சேர்ந்து வருமானத்தில் பாதிக்குள் அடங்குகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தைரியமாக வாங்குங்கள். வண்டிக் கடனோ கல்விக் கடனோ ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு இல்லை என்றாலும், அட்வான்ஸ் கொடுக்கப் போகும் பணத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பழைய கடனை முதலில் அடையுங்கள். உங்கள் வீட்டுக்குப் போடும் முதல் தவணை அதுதான்.